குவைத்தில இருந்து வந்த கோப்பி மெசின்

எங்கட சின்னம்மா குவைத்துக்குப் போகக்குள்ள எனக்குப் பத்து வயசு. ஒரேயடியாத் திரும்பி வரக்குள்ள நான் கம்பஸ் ரெண்டாம் வருசம். இடையில ரெண்டு தரம் லீவில வந்து போனவ, அவ்வளவுதான்.

கடைசியா வந்தபோது அவ கொண்டுவந்த பெட்டிகளுக்குள்ள போர்வை, சவர்க்காரம், பேரீச்சம்பழம், தங்கச்சிக்கு ஒரு கைக்கடிகாரம் எல்லாத்தோடயும் ஒரு கோப்பி மெசின் இருந்தது. மேல தண்ணி ஊத்துற தொட்டி, நடுவில தூள் போடுற கூடை, கீழ ஒரு சூட்டுத்தட்டு, அதில கண்ணாடிச் சாடி. ஒரே ஒரு சுவிச். புதுசு வாங்கினதால வீட்டுக்கார அம்மா பழையதைச் சின்னம்மாட கையில குடுத்து விட்டிருக்கிறா. வெல்லாவெளியில ஒரு வீட்டுக்கு இது என்னத்துக்கு என்று யாருக்கும் விளங்கல்ல. பெட்சீற்றால சுத்தி அலுமாரிக்கு மேல ஏத்தியாச்சு.

2024 மே மாசம் நாடு முழுக்கப் பல்கலைக்கழகக் கல்விசாரா ஊழியர்களின் வேலைநிறுத்தம் தொடங்கினது. நாங்கள் பையைக் கட்டிக்கொண்டு வீட்ட வந்தோம். ஒரு கிழமை, ரெண்டு கிழமை என்று நினைச்சது ரெண்டு மாசத்துக்கும் மேல இழுத்துது. அந்த ரெண்டு மாசமும் நான் படிச்சதை விடக் கோப்பி வடிச்சதுதான் கூட. அதைத்தான் இங்க எழுதுறன்.

மெசினை அலுமாரியால இறக்கினது நானில்ல, சின்னம்மா. வீட்டு வாசல்ல, ரோட்டுப் பக்கமா, ஓலைக் கொட்டில் ஒன்று போட்டு வச்சிருந்தா. போரதீவுப்பற்றுப் பிரதேச செயலகம் வெல்லாவெளியிலதான் இருக்கு. அலுவலுக்கு வாற ஆக்கள், ரீச்சர்மார், வயலுக்குப் போறவங்க எல்லாரும் அந்த ரோட்டால போவாங்க. தேத்தண்ணிக் கடை ஏற்கெனவே இருக்கு. அதுக்குப் பக்கத்தில இன்னொரு தேத்தண்ணிக் கடை போட்டு என்ன செய்றது? கோப்பி போடுவம் எண்டா. ஒரு கோப்பை ஐம்பது ரூபா.

இது பொழுதுபோக்கு விசயம் இல்ல. அவவுக்கு ஏஜென்சிக்காரன் அப்பவே கோல் எடுக்கத் தொடங்கிற்றான். "அக்கா, அனுபவம் உள்ள ஆக்களைத்தான் கேக்காங்க, சம்பளமும் கூட." தங்கச்சிக்கு ஓஎல் சோதனை வருது. சின்னம்மா அனுப்பின காசு வீட்டுச் சுவராகவும் கூரையாகவும் நிக்குது, மிச்சம் எங்க போனது என்று வீட்டில யாரும் சத்தமாகக் கதைக்கிறதில்ல. ஆவணிக்குள்ள கொட்டில் தன்ட காலில நிக்காட்டி மறுகா போறதுதான் என்று சொல்லிற்றா. தங்கச்சி அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தவள். ஒரு சொல்லும் பேசல்ல, புத்தகத்தை எடுத்துக்கொண்டு உள்ள போயிற்றாள்.

முதல் நாள் கோப்பி ஊத்தினதை மறக்க ஏலாது. கடையில வாங்கின கோப்பித்தூள் பக்கற்றை வெட்டிக் கூடைக்குள்ள கொட்டி, தண்ணியை ஊத்தி, சுவிச்சைப் போட்டா. கொஞ்ச நேரத்தில தண்ணி கீழ இறங்காமல் கூடைக்கு மேலால வழிஞ்சுது. மேசை, மேசை விரிப்பு, சின்னம்மாட சாறி எல்லாம் கறுப்புச் சேறு. அடுத்த தரம் பயத்தில தூளைக் குறைச்சுப் போட்டா. வடிஞ்சு வந்ததைக் குடிச்ச பக்கத்து வீட்டு மாமா கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்திட்டுச் சொன்னார்: "என்னகா இது, கோப்பை கழுவின தண்ணியா?"

நான் உடனே போனை எடுத்து வீடியோ பார்க்கத் தொடங்கினன். கலைப்பீடத்து ஆளுக்கு எதையும் முதல்ல வாசிச்சுத்தான் பழக்கம். ஒரு கிழமை பார்த்த பிறகு விளங்கின முதல் விசயம், பிழை மெசின்ல இல்ல, தூளில என்பது. எங்கட நாட்டில விக்கிற கோப்பித்தூள் மா மாதிரி. ஏனென்றால் நாங்கள் அதை வடிக்கிறதில்ல. கோப்பைக்குள்ள தூளையும் சீனியையும் போட்டு, கொதிதண்ணியை ஊத்தி, கலக்கி, மண்டி அடியில இறங்கும் வரை பொறுத்துக் குடிக்கிறோம். அதுக்கு மா மாதிரித் தூள்தான் வேணும். வடி மெசினுக்கு அது கூடாது. நுணுக்கம் கூடினால் தண்ணி போக வழியில்லாமல் அடைக்கும், அடைச்ச இடத்தில கனநேரம் நிண்டு கசப்பையும் இழுத்துக்கொண்டு வரும். மெசினுக்குத் தேவை சீனி அளவு குறுணல், பரும்படி மணல் மாதிரி.

வெல்லாவெளியில பரும்படியா அரைச்ச கோப்பித்தூள் எங்க கிடைக்கும்? ஒரு இடமும் இல்ல. கொட்டையா வாங்கினால்தான் சரி. பட்டிருப்புப் பாலம் தாண்டிக் களுவாஞ்சிக்குடிப் பக்கம் கேட்டுப் பார்த்து, கடைசியில மட்டக்களப்பு ரவுணில வறுத்த கொட்டை அரைக் கிலோ வாங்கினன். அம்மம்மா அதை உரலில போட்டு இடிச்சா. இடிச்ச தூள் ஒரே அளவா இருக்காது, பாதி மா, பாதி கல்லு. நான் தலையில கை வச்சுக்கொண்டு இருக்க, அம்மம்மா அரிசிமா அரிக்கிற அரிதட்டை எடுத்து அரிச்சா. மேல நிண்டது குறுணல், கீழ விழுந்தது மா. குறுணல் மெசினுக்கு. மா அவட கோப்பைக்கு. மல்லியும் வேர்க்கொம்பும் சேர்த்து அவ குடிக்கிற கோப்பிக்கு அந்த மாதான் வேணும். ஒரு சிட்டிகையும் வீண் போகல்ல. காசுக்கு அரைக்கும் மெசின் வாங்க ஏலாத ஆக்களுக்கு நான் சொல்லக்கூடிய நல்ல புத்தி இதுதான்: அரிதட்டு.

அடுத்தது அளவு. சாடியில 12 கப் என்று கோடு போட்டிருக்கு. நாங்கள் 12 கோப்பைக்குக் கணக்குப் பார்த்தால் எப்பவும் பிழைக்கும், ஏனென்றால் மெசின் செய்யிறவன்ட 'கப்' எங்கட கோப்பை இல்ல, அது 125 மில்லிலீற்றர், சிலதில 150. ஆகவே கப்பை மறந்திட்டு லீற்றரில எண்ணுறதுதான் நல்லது. ஒரு லீற்றர் தண்ணிக்கு 55 முதல் 60 கிராம் தூள் என்று இதில ஊறின ஆக்கள் சொல்லுவாங்க. எங்களிட்டச் சின்னத் தராசு இல்ல. முன்கடை அண்ணாட தராசில, மிளகாய்த்தூள் நிறுக்கிற தட்டைத் துடைச்சிட்டு, மெசினோட வந்த பிளாஸ்ரிக் கரண்டியால பத்துக் கரண்டி போட்டு நிறுத்துப் பார்த்தோம். 72 கிராம். அப்ப ஒரு லீற்றருக்கு எட்டுக் கரண்டி, தலை தட்டி. எங்கட ஆக்களுக்குச் சாயம் தெரிய வேணும் என்றபடியால் ஒன்பது. அந்தக் கணக்கைத் தங்கச்சி கரிக்கட்டியால கொட்டில் தூணில எழுதி வச்சாள்.

கூடைக்குள்ள ஒரு நைலோன் வலை இருந்தது. பழசு, ஒரு பக்கம் பிஞ்சிருந்தது. கடதாசி வடி இஞ்ச கிடைக்காது. 1908இல ஜேர்மனியில மெலிட்டா பென்ற்ஸ் என்ற ஒரு வீட்டுப் பெண்தான் மகன்ட பள்ளிக்கூட மையொற்றுத் தாளை வெட்டி, ஓட்டை போட்ட பித்தளைப் பாத்திரத்தில வச்சுக் கோப்பி வடிச்சுப் பார்த்தவ. கடதாசி வடி அப்படித்தான் வந்தது. அதுக்கு முன்னம் அங்கயும் துணிதான். அம்மம்மாவும் துணிதான் எண்டா. அம்மப்பாட பழைய வேட்டியில ஒரு துண்டு வெட்டி, ரெண்டு தரம் வெந்நீரில அவிச்சுக் கூடைக்கு அளவாத் தைச்சம். துணிக்குச் சவர்க்காரம் காட்டக்கூடாது, அந்த மணம் போகாது. வெறும் தண்ணியில அலசி, தண்ணிக்குள்ளயே போட்டு வைக்க வேணும். காய விட்டால் கோப்பி எண்ணெய் அதில சிக்கெடுக்கும்.

இவ்வளவும் செய்தும் கோப்பியில உயிர் இல்ல. அப்பதான் மெசினைக் கவிழ்த்துப் பார்த்தன். இதுக்குள்ள பம்பு ஒன்றும் கிடையாது. தொட்டித் தண்ணி ஒரு குழாயால கீழ இறங்கி, சூட்டுத்தட்டுக்கு அடியில வளைஞ்சு போற இன்னொரு குழாய்க்குள்ள வரும். அங்க அது கொதிக்கும். திரும்பித் தொட்டிக்குப் போக விடாமல் ஒரு சின்ன வால்வு மறிக்கும். ஆகவே ஆவிக் குமிழ் தண்ணியை மேல தள்ளும், அது கூடையில சொட்டும். புட்டுப் பானை மூடியைத் தள்ளுற அதே ஆவிதான். 1954இல ஜேர்மனியில விகோமாற் என்ற பெயரில வந்ததைத்தான் மின்சார வடி மெசின்களில முதலாவது என்று சொல்லுறாங்க. ஒரே கம்பிச் சுருள் தண்ணியையும் கொதிக்க வைக்குது, சாடியையும் சூடாக்குது. கெட்டித்தனமான ஏற்பாடுதான், ஆனா கரைச்சலும் அதுலதான் இருக்கு.

தூளில படுற தண்ணி 92 முதல் 96 பாகை வரை இருந்தால் கோப்பி நல்லா இறங்கும். மலிவு மெசின்ல முதல்ல விழுற தண்ணி அந்தச் சூட்டுக்கு வாறதில்ல, குளிர்ந்த குழாயையும் குளிர்ந்த கூடையையும் தொட்டுக்கொண்டுதான் வருது. அதுக்கு ஒரு வழி: தூள் போட முதல் ஒரு கோப்பை வெறும் தண்ணியை ஓட விடுறது. உள்ளுக்கு எல்லாம் சூடாகும், வாற வெந்நீரால பிளாஸ்க்கைக் கழுவலாம். கொதிதண்ணியைத் தொட்டிக்குள்ள ஊத்தினால் சுகம்தானே என்று எனக்கும் தோணினது. செய்யாதீங்க, பிளாஸ்ரிக்கும் வால்வும் அதுக்கில்ல.

இன்னொன்று, முதல் தண்ணி பட்டதும் அரை நிமிசம் நிப்பாட்டுறது. புதுசா வறுத்த கோப்பிக்குள்ள காற்று அடைஞ்சு கிடக்கும். தண்ணி பட்டதும் அது நுரைச்சு எழும்பும். அந்தக் காற்று போக விடாமல் தண்ணியை ஊத்திக்கொண்டே இருந்தால் தண்ணி தூளுக்குள்ள போகாமல் பக்கத்தால வழுக்கிக்கொண்டு போயிரும். இதை நான் வீடியோவில பார்த்திட்டுப் பெரிய கண்டுபிடிப்பு மாதிரிச் சின்னம்மாட்டச் சொல்லப் போனன். அவ சிரிச்சா.

"அது தெரியும் புள்ள. சுவிச்சப் போட்டு, தூள் நனைஞ்சதும் நூத்து, இருபத்தஞ்சு எண்ணி, கரண்டியால ஒருக்காக் கிண்டிப்போட்டுத் திரும்பப் போடணும். நடுவிலதானே தண்ணி விழும், கரையில கிடக்கிற தூள் நனையாதுதானே."

"பின்ன ஏன் சொல்லல்ல?"

"நீ கேக்கல்லையே. போனத்தானே பாத்துக்கு இருந்தாய்."

பதினொரு வருசமா ஒவ்வொரு நாளும் ரெண்டு தரம் இந்த மெசினையே ஓட்டின ஆள் எனக்கு முன்னால நிக்கிறா, நான் யாரோ வெள்ளைக்காரன்ட சமையலறையை ஒரு கிழமையாப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறன். வாய்மொழி வரலாறு பற்றி நான் போன செமஸ்ரர் எழுதின ஒப்படைக்கு நல்ல புள்ளி வந்தது என்பதையும் இந்த இடத்தில சொல்லத்தான் வேணும்.

அதுக்குப் பிறகு தண்ணி. எங்கட கிணத்துத் தண்ணி வெயில் காலத்தில தடிக்கும். கேத்தலுக்குள்ள வெள்ளைப் படை பிடிக்கும். படுவான்கரையில கன இடத்தில இதுதான் நிலைமை, கோடையில பவுசரைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஊர்களும் இருக்கு. அந்தத் தண்ணியில தேத்தண்ணி போட்டால் மேல ஆடை மாதிரி ஒன்று மிதக்கும், கோப்பி போட்டால் புளிப்பும் வாசமும் செத்துச் சப்பென்று இருக்கும். தண்ணியில இருக்கிற கார உப்புத்தான் கோப்பிப் புளிப்பைத் தின்னுது. சரி என்று வடிகட்டின ஆர்ஓ தண்ணி ஒரு கான் வாங்கினோம். அதில போட்டதும் சரிவரல்ல, கூராப் போயிற்று, வெறுமையா இருந்தது. ஒன்றும் இல்லாத தண்ணியும் கோப்பிக்குக் கூடாது. கடைசியில மூன்று பங்கு ஆர்ஓ, ஒரு பங்கு கிணறு. இந்தக் கணக்கு எங்கட கிணத்துக்கு மட்டும்தான், உங்கட கிணத்துக்கு நீங்கள்தான் பார்க்க வேணும். மெசினுக்குள்ள பிடிச்ச படைக்கு ஒரு பங்கு வினாகிரி, ரெண்டு பங்கு தண்ணி. பாதி ஓடினதும் நிப்பாட்டி அரை மணித்தியாலம் விட்டு, மிச்சத்தை ஓட்டி, பிறகு மூன்று தரம் நல்ல தண்ணி. முதல் தரம் வந்த தண்ணியைப் பார்த்து அம்மம்மா மூக்கைப் பொத்தினா. இதையா இவ்வளவு நாளும் குடிச்சம்?

கரண்டும் ஒரு சாமான்தான். எங்கட வீடு லைன்ட கடைசிப் பக்கம். பின்னேரம் எல்லா வீட்டிலயும் பல்பு எரியத் தொடங்கினால் 230 இருக்க வேண்டிய இடத்தில 190 தான். வயரிங் வேலை செய்யிற அண்ணா ஒருத்தர் மீற்றரால பார்த்துச் சொன்னார். வோல்ற்றேஜ் அவ்வளவு குறைஞ்சால் சூடாக்குற பலம் மூன்றில ஒரு பங்கு குறைஞ்சிரும். காலையில எட்டு நிமிசத்தில வடியிற ஒரு லீற்றர், பின்னேரம் பன்னிரண்டு நிமிசம். அவ்வளவு நேரம் தூள் நனைஞ்சு கிடந்தால் கசக்கும். அதால பின்னேரக் கோப்பிக்கு அரிதட்டை மாத்தி இன்னும் பரும்படியாப் போட்டோம். சின்னம்மாட கவலை வேற, பில். கணக்குப் பார்த்தோம்: 900 வாற்ஸ், எட்டு நிமிசம், 0.12 யுனிற். ஒரு சாடிக்கு அவ்வளவுதான். ஆனா சாடியைத் தட்டில வச்சு மணித்தியாலக் கணக்கா மெசினை எரிய விட்டால்தான் செலவு. அவ அப்படித்தான் விட்டுக்கொண்டிருந்தா.

அதுக்கு வாறதுக்கு முதல் ஒரு பொதி பற்றிச் சொல்ல வேணும். ஆனி மாசக் கடைசியில கம்பஸ் சிநேகிதி ஒருத்தி பஸ்ஸில கொடுத்து விட்ட ரெண்டு கிலோ பச்சைக் கோப்பிக் கொட்டை வந்து சேர்ந்தது. அவள் மடுல்சீமைப் பக்கம், பதுளை மாவட்டம். லயத்துக்குப் பின்னால நிக்கிற மரத்தில அவளுடைய ஆச்சி பறிச்சுக் காயப்போட்டது. கோப்பி பற்றி நான் வட்சப்பில புலம்பினதுக்கு அவள் பதில் எழுதியிருந்தாள்: "எங்கட ஆளுங்க தேயிலைக்கு வரல்லடி, கோப்பிக்குத்தான் வந்தாங்க."

உண்மைதான். நாங்கள் 'தேயிலைத் தோட்டம்' என்று சொல்லிச் சொல்லி அதை மறந்திற்றோம். 1820களில வெள்ளைக்காரன் மலையில போடத் தொடங்கினது கோப்பி. அறுவடைக் காலத்தில தமிழ்நாட்டில இருந்து ஆக்கள் கடல் தாண்டி மன்னார்ப் பக்கம் இறங்கி, காட்டு வழியா மாத்தளைக்கு நடந்தாங்க. வழியில பசியிலயும் கொலராவிலயும் விழுந்தவங்களுக்குக் கணக்கில்ல. 1870 அளவில வருசத்துக்குப் பத்துக் கோடி இறாத்தல் கோப்பி இந்தத் தீவில இருந்து கப்பலேறினது. அதே நேரம் இலையில செம்மஞ்சள் பொட்டு விழுந்தது. 1869இல அதை முதல் கண்ட இடம் இவளுடைய மடுல்சீமைதான். கெமிலியா வஸ்டாட்ரிக்ஸ் என்ற பூஞ்சணம். தோட்டக்காரங்க அதுக்கு 'நாசகார எமிலி' என்று பட்டப்பெயர் வச்சாங்க. இருபது வருசத்துக்குள்ள கோப்பி முடிஞ்சுது, தேயிலை வந்தது. பூஞ்சணம் கண்ட அதே 1869இலதான் ஆபிரகாம் ஜோசப்பின் 'கோப்பிக் கிருஷிக் கும்மி'யும் வந்திருக்கு. கோப்பிச் செய்கையைப் பாடக் கும்மி எழுதின வருசமும் கோப்பிக்குச் சாவு வந்த வருசமும் ஒன்று. துரைமார் மரத்தைப் பிடுங்கித் தேயிலை வச்சாங்க. லயத்துக்குப் பின்னால ஒன்றிரண்டு மரம் தப்பி நிண்டது, அந்த வழியில வந்த கொட்டைதான் இப்ப எங்கட தாச்சிச் சட்டிக்குள்ள.

அம்மம்மா விறகடுப்பில வறுத்தா. கை நிக்காமல் கிண்ட வேணும். பச்சை மஞ்சளாகி, மஞ்சள் மண்ணிறமாகி, சோளம் பொரியிற மாதிரி ஒரு வெடிச் சத்தம் வரும். அம்மம்மா கறுப்பா எண்ணெய் கசியும் வரை வறுப்பா. நான் வெடிச் சத்தம் ஓய்ஞ்சு கொஞ்ச நேரத்தில இறக்கச் சொன்னன். சண்டை. பாதி அவட விருப்பம், பாதி என்ட விருப்பம் என்று பிரிச்சோம். சுளகில கொட்டிப் புடைச்சு ஆற விட்டு, ஒரு நாள் பொறுத்து இடிச்சோம். அடுத்த நாள் விடிய மெசினைப் போட்டபோது வந்த மணத்துக்கு ரோட்டில போன சைக்கிள் ஒன்று தன்ட பாட்டில நிண்டது. சைக்கிள்காரர் இறங்கி, "என்னகா வறுக்கிறயள்?" என்று கேட்டார். அன்றைக்கு முதல் சாடி ஆறரைக்கே முடிஞ்சுது.

ஆனா எட்டு மணிக்கு வாற ரீச்சர்மார் பாதி குடிச்சிட்டு வச்சிற்றுப் போனாங்க. கசக்குதாம். அதே கொட்டை, அதே அளவு, அதே தண்ணி. ஆறரைக்குத் தேன் மாதிரி இருந்தது எட்டுக்குக் கசாயம். காரணம் எனக்குத் தெரியும், சூட்டுத்தட்டு. வடிஞ்ச கோப்பியைத் தட்டில வச்சு அவிச்சுக்கொண்டே இருந்தால் அரை மணித்தியாலத்தில வாசம் போயிரும், புளிப்புச் சத்து உடைஞ்சு வாயைக் கடிக்கிற கசப்பா மாறும். வடிஞ்ச உடனே பிளாஸ்க்கில ஊத்தி மூடினால் ரெண்டு மணித்தியாலம் தாங்கும். சொன்னன். சின்னம்மா ஒத்துக்கொள்ளல்ல.

"தட்டில கிடந்தாத்தான் புள்ள ஊறும். மெசின் கோப்பிட ருசியே அதுதானே."

"இல்ல சின்னம்மா, அது கருகுற ருசி."

"பதினொரு வருசம் குடிச்சவ நான்."

நான் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்திட்டுக் கேட்டன், அங்க எத்தனை மணிக்குக் கோப்பி குடிப்பீங்க என்று. அவ சாடியைத் துடைச்சுக்கொண்டே சொன்னா. அஞ்சரைக்குப் போடணும். ஆறு மணிக்கு ஐயா குடிப்பார், ஏழுக்கு அம்மா, பிறகு பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும். வீடு கூட்டி, உடுப்புக் கழுவி, பத்து, பத்தரைக்குத்தான் அவவுக்கு நேரம் வரும். சாடியில மிஞ்சினது இருக்கும். யாரும் குடிக்காதே என்று சொல்லல்லயாம். நல்ல ஆக்கள்தானாம். "புதுசா எனக்கெண்டு ஆரு போடுவா?"

ஆக, அவ போட்ட ஆயிரக்கணக்கான சாடிக் கோப்பியில முதல் கோப்பை ஒன்றும் அவ குடிச்சதில்ல. அவவுக்குத் தெரிஞ்ச ருசி அஞ்சு மணித்தியாலம் தட்டில கிடந்த அடிக்கோப்பிட ருசி. அதைத்தான் சரியான ருசி என்று நினைச்சு எங்கட ரீச்சர்மாருக்கும் ஊத்தியிருக்கிறா.

நான் ஒன்றும் சொல்லல்ல. என்ன சொல்றது? மிச்சம் இருந்த மடுல்சீமைக் குறுணலில மூன்று கரண்டி போட்டு, கொஞ்சத் தண்ணி ஊத்தி, வெறும் ஓட்டம் ஒன்று விட்டு, இருபத்தஞ்சு எண்ணி, கிண்டி, வடிச்சு, சீனி போடாமல் அவட கையில குடுத்தன். ஒரு மிடறு குடிச்சா. முகத்தைச் சுழிச்சா. "புளிக்குது." இன்னொரு மிடறு. பிறகு வாசல் படியில போய் இருந்து, ரோட்டைப் பார்த்துக்கொண்டு மெல்ல மெல்லக் குடிச்சு முடிச்சா. தங்கச்சி வந்து பக்கத்தில இருந்தாள். கோப்பையை அவளிட்டயும் நீட்டினா. பின்னேரம் பிளாஸ்க் வாங்க என்னைக் களுவாஞ்சிக்குடிக்கு அனுப்பினா, பெரிசு ரெண்டு.

பிளாஸ்க் வந்த பிறகுதான் கொட்டிலுக்கு உண்மையான ஆக்கள் வந்தாங்க, நாங்கள் நினைக்காத ஆக்கள். எங்கட பக்கம் யானை வரும். சிறுபோக வேளாண்மை கதிர் வைக்கிற நேரம் இரவிரவா வயலில காவல் இருப்பாங்க, ரோச் லைற்றும் வெடியுமாக. விடிய நாலரை அஞ்சுக்குக் கண் சிவந்து சேற்றுக் காலோட திரும்பி வருவாங்க. அந்த நேரத்தில ஊரில ஒரு கடையும் திறக்காது. சின்னம்மாவுக்கு அஞ்சரைக்கு முதல் எழும்புறது பதினொரு வருசப் பழக்கம், விட்டாலும் விடாது. நாலு மணிக்கே அடுப்புப் பக்கம் வெளிச்சம் தெரியும். காவலுக்குப் போகக்குள்ள போத்தலில வாங்கிக்கொண்டு போறவங்களும் இருக்கிறாங்க. அவங்களுக்கு மட்டும் வேர்க்கொம்பு தட்டிப் போடச் சொல்லி அம்மம்மா கட்டளை. தூளோட சேர்த்துக் கூடைக்குள்ளயே போட்டுப் பார்த்தோம், நல்லாத்தான் இருக்கு. இதைப் படிக்கிற சுத்தமான கோப்பிப் பிரியர்கள் என்னை மன்னிக்க வேணும்.

ஆடியில கம்பஸ் திறந்திற்று. நான் வந்தாறுமூலைக்கு வந்திற்றன். ஹொஸ்ரல்ல பக்கற் பால்மாவும் மா மாதிரிக் கோப்பித்தூளும்தான், குடிக்கிறன். ஏஜென்சிக்காரன் ஆவணி முதல் கிழமையும் கோல் எடுத்திருக்கிறான். பாஸ்போட் முடியப் போகுதாம், புதுப்பிச்சு வைக்கட்டாம். சின்னம்மா ஓம் என்றும் சொல்லல்ல, இல்ல என்றும் சொல்லல்ல. பாஸ்போட் அலுமாரிக்கு மேல, மெசின் முந்தி இருந்த இடத்தில கிடக்குது என்று தங்கச்சி மெசேஜ் போட்டிருந்தாள்.

நேற்று விடிய அஞ்சே முக்காலுக்குச் சின்னம்மா கோல் எடுத்தா. நான் பயந்திற்றன், அந்த நேரத்தில வாற கோல் நல்லதுக்கு வாறதில்ல.

"ஒண்டுமில்ல புள்ள. ராவு முழுக்கக் கரண்ட் இல்ல. ஆக்கள் வந்து நிக்காங்க. கேத்தல்ல கொதிக்க வச்சு, துணியில கையால ஊத்தி வடிச்சன். கொஞ்சம் கொஞ்சமா, நடுவில இருந்து கரைக்கு."

"எப்படி வந்தது?"

"மெசினை விட நல்லா இருக்கு போல. முதல் கோப்பை நான்தான் குடிச்சன்." பின்னால யாரோ சில்லறை கேட்டாங்க. "பொறு வாறன்... புள்ள, உன்ட அந்த மடுல்சீமைப் புள்ளைட்ட ஒருக்காக் கேட்டுப்பாரு. சும்மா வேணாம், காசுக்கு. மாசம் அஞ்சு கிலோ வருமா எண்டு."